சத்து டிரம்மும் நாற்பத்தொரு பவளப் பூக்களும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விவரிக்க ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன்.

1. உடன் படித்த கொச்சித் தோழி லீனா, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது, தான் வளர்த்த பவளங்களை ஆறு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் தந்தாள்.
2. என் கடல்நீர்த் தொட்டியில் பாஸ்பேட் கூடியது.
3. குறைக்கத் தண்ணீரை மாற்றினேன். இன்னும் கூடியது.
4. இரண்டு மடங்கு தண்ணீரை மாற்றினேன். அதுவும் சளைக்காமல் கூடியது.
5. அப்பா மீது பழி போட்டேன்.
6. கடைசியில் பாஸ்பேட்டை அடியோடு ஒழித்தேன். கூடவே லீனாவின் பவளத்தில் பாதிக்கு மேல் ஒழிந்தது.

இதைப் படித்து என்னை விவரமில்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் விவரமுள்ளவள். பிரச்சினையே அதுதான். போடியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உரமூட்டையில் மணிச்சத்து என்று போட்டிருப்பது பாஸ்பேட்தான் என்பதை விளக்கி, "ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்" என்று சிலமலை, ராசிங்காபுரம் விவசாயிகளுக்குத் தினமும் சொல்கிறேன். அதற்குத்தான் சம்பளம்.

எங்கள் ஊரில் கடல் இல்லை. எனவே நல்ல தண்ணீரில் அதற்கான உப்பைக் கலந்து நாமே கடல் தயாரிக்க வேண்டும். (முதல் நாள் நான் கலக்குவதைப் பார்த்த அப்பா, "மீனுக்கு உப்புப் போட்டா அது கருவாடுத்தா" என்றார்.) அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் சற்று மிகுந்தாலும் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும்.

லீனா தந்த பவளம் சட்டைப் பொத்தான் அளவுப் பூக்களாக ஒரே கல்லில் ஒட்டியிருந்தது. விளக்கைப் போட்டால் எல்லாம் விரியும். நான்கு வருடமாகத் தன் தொட்டியிலேயே பெருக்கியது. "நாற்பத்தொண்ணு இருக்கு. எண்ணித் தர்றேன், எண்ணித்தான் வாங்குவேன், கேட்டோ!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதமே என் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் படுத்துவிட்டது. உதிரிபாகம் வர ஒரு மாதமாகும் என்றார்கள். சித்தப்பாவுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம். சனிக்கிழமைதோறும் ஜீப்பில் இறங்குவார்.

"குரங்கணித் தண்ணி இருக்கையில உனக்கு மிசினு எதுக்குத்தா? வாராவாரம் ஒரு டிரம்மு கொண்டாரேன்."

நான் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லிப் பரிசோதித்தேன். பாஸ்பேட் துளியும் இல்லை. நோட்டில் "ஏற்கத்தக்கது" என்று எழுதித் தேதியுடன் கையெழுத்தும் போட்டேன். (யார் கேட்டார்கள் கையெழுத்து?)

முதல் டிரம் வந்தது. தொட்டித் தண்ணீரில் மருந்தைச் சொட்டிப் பார்த்தால், பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலமாகும். முதல் வாரம் வானத்து நீலம். குறைப்பதற்காக அடுத்த வாரம் ஒரு டிரம், அதற்கடுத்த வாரம் இரண்டு டிரம் மாற்றினேன். மூன்றாம் வாரம் வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம். கல்லெல்லாம் பாசி முடி முடியாக வளர்ந்து, பூக்களின் மேல் சாய்ந்தது.

சந்தேகப் பட்டியல் போட்டேன். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எங்கள் இரண்டு கோமாளி மீன்களுக்கும் தீனி போடுபவர் அப்பா. தீனி மிஞ்சினால் பாஸ்பேட் கூடும். தொட்டியில் நான்கு விதிகள் அச்சடித்து ஒட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தீனி போட அனுமதி பெறணும்னு இருக்கே. யாருகிட்டத்தா?"

"என்கிட்டப்பா."

"சரித்தா."

நாற்காலியைத் தூக்கிப் போய் டிவி பக்கம் போட்டுக்கொண்டார். மீன்கள் இரண்டும் அன்று முழுக்க அந்த மூலையைப் பார்த்தே நீந்தின. பாஸ்பேட் குறையவில்லை. அடுத்த வாரத்துக்கும் இரண்டு டிரம் கேட்டேன்.

நான்காம் சனிக்கிழமை டிரம்களை இறக்கி வைத்த சித்தப்பா தொட்டியின் முன் நின்று பூரித்துப் போனார்.

"எம்புட்டுத் தழைவு பாருண்ணே! எல்லாம் நம்ம டிரம்மு செஞ்ச வேல."

"எந்த டிரம்மு சித்தப்பா?" என்றேன்.

"சத்து டிரம்முதேன். தோட்டத்துல ரெண்டு டிரம்மு கெடக்குல்ல? ஒண்ணு பூச்சி மருந்து கலக்குறது, ஒண்ணு செடிக்கு சத்துத் தண்ணி கலக்குறது. மருந்து டிரம்முல கொண்டாந்தா மீனு செத்துப் போகுமில்ல? நான் என்ன வெவரங்கெட்டவனா? பாத்துதேன் சத்து டிரம்முல கொண்டாந்தேன். வெள்ளிக்கெழம தெளிச்சு முடிச்ச கையோட அலசி..."

"எத்தன தடவ அலசுனீங்க?"

"ஒரு தடவதேன். ரொம்ப அலசுனா சத்து போயிருமேத்தா!"

ஓடையைப் பரிசோதித்த நான் டிரம்மைப் பரிசோதிக்கவில்லை. வாராவாரம் உரத்தண்ணீரை ஊற்றி உரத்தைக் குறைக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்பா டிவியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "அந்த நோட்டீசுல டிரம்மப் பத்தி ஒண்ணும் எழுதலயேத்தா" என்றார்.

இத்தோடு நின்றிருந்தால் நாற்பத்தொன்றும் பிழைத்திருக்கும். அன்று மாலையே லீனா அழைத்து, படிப்பு சீக்கிரம் முடிகிறது, மூன்று வாரத்தில் வருகிறேன் என்றாள். அதற்குள் நீலம் போயாக வேண்டும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துருக் குருணை ஒரு பாக்கெட் வைத்திருந்தேன். பாதி அளவில் தொடங்கவும் என்று அதில் எழுதியிருந்தது. முழுவதையும் வலைப்பையில் கொட்டித் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தேன்.

இரண்டே நாளில் சோதனைக் குழாயில் நீலமே இல்லை. நோட்டில் "வெற்றி" என்று எழுதினேன். பூக்கள் மட்டும் விரியவில்லை. பாஸ்பேட் மிகுந்தாலும் பவளத்துக்கு ஆகாது, அடியோடு இல்லாவிட்டாலும் ஆகாது. இது எனக்குத் தெரியும், செய்து முடித்த பிறகு நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொன்றாகச் சுருங்கி, கரைந்து, கல்லை விட்டு உதிர்ந்தன.

ஒரு வாரம் கழித்து, மறைக்க வழியில்லாமல் லீனாவை அழைத்தேன்.

"எத்தன இருக்கு?"

"பத்தொன்பது."

 "ஊருக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் போடச் சொல்லுற ஆளல்லே நீ?" என்றாள். அதன் பிறகுதான் வைத்தியம் சொன்னாள்: குருணையில் முக்கால்வாசியை எடு, மீனுக்குத் தீனியைக் கூட்டு.

தீனிக்கு நான் அப்பாவிடம்தான் போக வேண்டியிருந்தது.

"அப்பா, மீனுக்குக் கொஞ்சம் தீனி போடுறீங்களா?"

"அனுமதி இருக்காத்தா?"

"இருக்குப்பா."

"எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எழுந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்றால்கூட, "டிரம்ம டெஸ்ட் பண்ணியாச்சா?" என்கிறார்கள். சித்தப்பா கல்யாண வீடுகளில் கதையை வேறு மாதிரிச் சொல்கிறார். அவர் கணக்கில், கடலுக்கே உரம் போட்டுக் காட்டியவர் அவர்தான்.

லீனா வந்தாள். சொன்னபடி எண்ணினாள். பத்தொன்பதையும் கல்லிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போனாள். இப்போதும் வாரம் ஒருமுறை பேசுகிறாள், பவளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சுத்திகரிப்பு இயந்திரம் சரியாகிவிட்டது. தொட்டியில் இரண்டு மீன்களும் ஒரு வெறுங்கல்லும் இருக்கின்றன. பாஸ்பேட் சரியான அளவில் இருக்கிறது.