சிவப்புக் கட்சி ஷிப்ட்டு

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை, மன்னிக்கவும். பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் சேர்ந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கோலார் தங்க வயலில் ஒரு கம்பெனிக்குச் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்த ஒரே மனிதர் ஷிப்ட்டு. டெஸ்க்டாப்புக்கு மூளையாக இருக்கும் ப்ராசசரைச் செய்வது முக்கியமாக இரண்டு கம்பெனிகள். எங்கள் ஊரில் ஒன்றை நீலம் என்போம், மற்றதைச் சிவப்பு என்போம். ஷிப்ட்டு சிவப்புக் கட்சி. அவர் வீட்டு வாளிகூடச் சிவப்பு. ஒரு கல்யாணத்தில், ஆல்பத்தை நீலக் கம்ப்யூட்டரில் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்து, பாதிப் பந்தியில் எழுந்து போனவர்.

"சிவப்புக்காரன் உனக்கு இன்னா குடுத்தான்?" என்பார் டீக்கடைக்காரர்.

"ஒண்ணும் குடுக்கல. முன்னெல்லாம் நீலம் சொன்னதுதான் வெல. சிவப்பு எதுத்து நின்னப்புறம்தானே நீயும் நானும் கம்ப்யூட்டர் வாங்கனோம்?"

ஷிப்ட்டு நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பம்பு ஃபிட்டராக இருந்தவர். சுரங்கம் மூடியபின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டார். பம்போ கம்ப்யூட்டரோ, ஒரு முழு ஷிப்ட், எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் நல்லது என்று சொல்லமாட்டார். பெயர் வந்தது அப்படித்தான்.

என் மகளுக்குப் பெங்களூரில் வீடியோ எடிட்டிங் வேலை. தினமும் விடியுமுன் ரயில் ஏறி இளைத்துப்போயிருந்தாள். "திங்கக்கிழமையில இருந்து வீட்லயே செய். வேல லேட்டானா மறுபடி ஆபீஸ்தான்" என்றார் மேனேஜர். வீட்டுக்கு நல்ல கம்ப்யூட்டராகப் பார்த்து வாங்கித்தரச் சொல்லி நான் ஷிப்ட்டிடம் ஓடினேன்.

ஞாயிறு காலை என்னோடும் மகளோடும் ஆண்டர்சன்பேட்டைக் கம்ப்யூட்டர் கடைக்கு டிபன் பாக்சோடு வந்தார். ஒரே விலையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. இரண்டிலும் என் மகளுடைய வீடியோவை ஓடவிட்டார்.

"பத்து நிமிஷம் போதும்ணா" என்றார் கடைக்காரர்.

"பத்து நிமிஷம் எல்லா பம்பும் நல்லாத்தான் ஓடும்பா."

மதியத்துக்குள் சிவப்பு திணற ஆரம்பித்தது. அவள் ஆபீஸ் கேமராவின் வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி அந்த நீலத்துக்குள்ளேயே இருந்ததாம், சிவப்பில் இல்லையாம். "நீலம் கரண்ட் ஜாஸ்தி குடிக்குது" என்றார் ஷிப்ட்டு. "சூடு பாரு" என்றார். சிவப்பு நின்று நின்று போனது. சாப்பாட்டைத் திறந்து, சாப்பிடாமலே மூடினார்.

சாயங்காலம் என் மகளுக்கே பொறுக்கவில்லை. "மாமா, சிவப்பே எடுத்துக்கிறேன். நான் சமாளிச்சுக்குவேன்."

ஷிப்ட்டு சிவப்பை அணைத்தார்.

"நீலம் எடு பாப்பா. விடிகாலைல ரயிலு ஏறப்போறது நீ, நான் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "டீக்கடைல மட்டும் சொல்லிக்கினு இருக்காத" என்றார்.

நான் அவருடைய டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மறுநாள் மகள் ஏழு மணிவரை தூங்கினாள். பத்து மணிக்கு ஷிப்ட்டு வீட்டுக்கு வந்தார். நீலம் இருந்த மேசையை ஜன்னல் வெயிலிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.