தோணிக்காரன் போகிற நாள்

படம் வந்தது, சத்தம் வரவில்லை.

செய்தி வாசிக்கிற பெண் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். லிஃப்ட் மெக்கானிக் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டார். கடைசியில் டிவியின் மண்டையிலேயே ஒன்று வைத்தார். மீன் மீனாகவே இருந்தது.

மணி நாலே முக்கால். ஆறு மணிக்கு ‘நட்சத்திரத் தோணி’யின் கடைசி அத்தியாயம்.

“விடுங்க. அடுத்த வாரம் மறுபடி போடுவாங்க. அப்போ பாத்துக்கலாம்,” என்றாள் மனைவி.

“சாவு வீட்டுக்கு அடுத்த வாரம் போவியா நீ?”

காலையிலிருந்து வீடு அப்படித்தான் இருந்தது. அவர் முகச்சவரம் செய்யவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். போனில் பேசிய மைத்துனனிடம், “ஒண்ணுமில்ல, மனசு சரியில்ல” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தோணிக்காரன் விண்வெளியில் ஒற்றை ஆளாக ஓர் ஓட்டைக் கப்பலை ஓட்டுகிறவன். வழி தவறியவர்கள், கைவிடப்பட்டவர்கள், யாரும் தேடி வராதவர்கள், இவர்களை ஏற்றிக் கரை சேர்ப்பது அவன் வேலை. தலையில் எந்நேரமும் ஹெல்மெட். பதினாலு வருஷத்தில் அவன் முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு குரல்தான். கொஞ்சம் கரகரப்பான, அவசரமே இல்லாத குரல். எந்தக் கிரகத்தில் யார் சிக்கிக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டி இரண்டே வார்த்தை சொல்வான்.

“பயப்படாதீங்க. வந்துட்டேன்.”

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே மெக்கானிக்கின் கால் மாட்டியது. கடை பூட்டியிருந்தது. கும்மிருட்டில் ஆறு மணி நேரம். கத்திக் கத்தி ஓய்ந்தபிறகு அந்தக் குரலைப் போலப் பேசி, அந்த இரண்டு வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கால் கோணலாகிவிட்டது. ஆள் மிஞ்சினார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு டிவி ஹீரோவால் உயிர் பிழைத்தேன் என்று எந்த மனிதன் வாய்விட்டுச் சொல்வான்?

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிவியின் முதுகைத் திறந்தார். ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. வைத்தார். “வணக்கம், செய்திகள் முடிவடைந்தன” என்று கணீரென்று குரல் வந்தது. படம் போய்விட்டது.

“பாத்தியா, சத்தம் வந்துடுச்சு!”

“ரேடியோ வாங்கியிருக்கலாம்,” என்றாள் மனைவி.

கோளாறு கேபிளில்தான் என்று அவர் முடிவுகட்டினார். மாடிப்படித் திருப்பத்தில் இருந்த கேபிள் பெட்டியைத் திறந்து, நூடுல்ஸ் போலப் பின்னிக் கிடந்த வயர்களில் தன்னுடையது எதுவென்று ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். மூன்றாவதை உருவியதும் கட்டடம் முழுக்கக் கதவுகள் திறந்தன.

“யாருங்க அது? எங்க வீட்ல மேட்ச் ஓடிட்டிருந்தது!”

“எங்க வீட்ல பாட்டுப் போட்டிங்க! கடைசி ரவுண்டு!”

“ரெண்டே நிமிஷம்,” என்றார் மெக்கானிக், வேர்வை வழிய.

ரெண்டாவது நிமிஷம் அவர் தொட்டது கேபிள் வயரே இல்லை. பளீரென்று ஒரு வெளிச்சம், பட்டென்று ஒரு சத்தம். படிக்கட்டு இருண்டது. கட்டடத்தின் ஃபேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டு நின்றன. லிஃப்ட், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, கடக்கென்று உட்கார்ந்தது.

உள்ளேயிருந்து, “யாராவது இருக்கீங்களா?” என்று ஒரு பெண் குரல்.

மணி ஐந்து இருபது.

குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. கீழ்வீட்டு டீச்சர். மஃப்ளர்காரரின் மனைவி.

அந்தத் தம்பதி குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடப்பார் அந்த மனிதர். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கட்டடத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். மெக்கானிக்குக்குக் கோபம் வேறு விஷயத்தில். அவர் வீட்டில் ‘நட்சத்திரத் தோணி’யின் பழைய அத்தியாயம் ஓடும்போதெல்லாம் கதவுக்கடியில் ஒரு துண்டுச்சீட்டு வந்து விழும். “தயவுசெய்து சத்தத்தைக் குறைக்கவும்.”

“பாட்டு அலறினா பேசாம இருக்காரு. தோணிக்காரன் வாயைத் திறந்தாத்தான் அவர் காதுல குடையுது,” என்று மனைவியிடம் பொருமுவார்.

ஆனால் லிஃப்டில் மனுஷி இருக்கும்போது மெக்கானிக்குக்குக் கோபம் வராது. கோணல் காலை இழுத்துக்கொண்டு மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறினார். பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தார். இறங்கி வந்து கதவைத் தட்டினார். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, அது அனிச்சையாகவே வந்துவிட்டது.

“பயப்படாதீங்க. வந்துட்டேன்.”

“என்ன சொன்னீங்க?” என்றது டீச்சரின் குரல், நடுங்கியபடி.

“ஒண்ணுமில்லீங்க. கதவைத் திறக்கறேன்.”

கதவு திறந்தபோது டீச்சரின் கண் கலங்கியிருந்தது. கையில் மருந்துப் பை. மெக்கானிக்கின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. மணி ஐந்து ஐம்பது.

“நீங்க ஏன் தம்பி அழறீங்க?”

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. கரண்ட் போனது, கேபிள் போனது, பதினாலு வருஷம், தோணிக்காரன், ஆறு மணி, எல்லாம் கொட்டிவிட்டது. மேலே அவர் வீட்டு வாசலில் மேட்ச் கோஷ்டியும் பாட்டுப் போட்டி கோஷ்டியும் அவர் மனைவியைச் சூழ்ந்து நின்று கேள்வி கேட்பது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

டீச்சர் மருந்துப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, அவரோட மருத்துவ மெஷினுக்காக. பால்கனில டிஷ்ஷும் தனியா இருக்கு. ஆனா...” என்று இழுத்தார். “இருங்க, அவரைக் கேக்கணும்.”

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மஃப்ளர்காரர் வாசலில்தான் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மெக்கானிக்கின் கோணல் காலைப் பார்த்தார், கிரீஸும் தூசியும் அப்பிய கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் டிவிக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ரொம்ப நன்றிங்க சார்.”

தலையசைப்பு.

“அவரால பேச முடியாது தம்பி,” என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். “தொண்டைல ஒரு கஷ்டம்.”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. முத்து உதிர்ந்துவிடுமோ என்று சொல்லித் திரிந்தவர்களில் அவரும் ஒருவர். வெட்கத்தை மறைக்க மளமளவென்று பேச ஆரம்பித்தார்.

“நீங்க இதைப் பாத்ததில்லயே சார்? உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஆனா அந்தக் குரல் இருக்கே... முகமே கிடையாது சார், வெறும் குரல். நான் பேசிக் காட்டறேன், கேளுங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “பயப்படாதீங்க. வந்துட்டேன்.”

மஃப்ளர்காரரின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். பக்கத்திலிருந்த சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

“மூக்கால் பேசாதீர்கள். வயிற்றிலிருந்து வர வேண்டும்.”

பிடிக்காத தொடருக்குப் பாடம் வேறா என்று மெக்கானிக்குக்குச் சுள்ளென்றது. அடுத்தவர் வீட்டு நாற்காலி. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆறு மணி.

பனி மூடிய ஒரு கிரகம். அங்கே வாயும் வயிறுமாக ஒருத்தி தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். தோணிக்காரன் வந்து இறங்கினான். ரேடியோ உடைந்துவிட்டது என்று கையால் காட்டினான். கப்பலில் எரிபொருள் ஓர் ஆளைத் தூக்கத்தான் காணும். அவளை இருக்கையில் உட்காரவைத்து, வார்களைக் கட்டி, வெளியே இறங்கிக் கதவைச் சாத்தினான். கப்பல் எழும்பியது. அவள் கண்ணாடியில் கை வைத்து அழுதாள். கீழே அவன் கையை ஒருமுறை உயர்த்தினான். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தான். பனி பெய்தது. ஹெல்மெட் வெள்ளையாயிற்று. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

அவ்வளவுதான்.

துணிக்கடை இருட்டில் அந்த ஆறு மணி நேரம் மெக்கானிக்குக்குள் மறுபடி இறங்கியது. அன்றைக்கு அவருக்கு ஒரு குரலாவது இருந்தது. பாறையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? பதினாலு வருஷம் ஊர் உலகத்தையெல்லாம் கரையேற்றியவனைக் கூப்பிட்டுப் போக ஒரு நாதி இல்லையா? நாளைக்குக் காலையில் அவர் வேலைக்குப் போவார், கூண்டுகளின் மேல் ஏறுவார், கிரீஸ் தடவுவார். அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான். துக்கம் முற்றிக் கோபமாயிற்று.

“ஒரு வார்த்தை பேசலியே சார்!” என்று வெடித்தார். “முழு எபிசோடும் ஒரு வார்த்தை இல்ல! ரேடியோ உடைஞ்சுதாம்! யாரை ஏமாத்தறாங்க? எழுதறவனுக்குச் சோம்பேறித்தனம். இல்லன்னா அந்தக் குரல் குடுக்கற ஆளுக்குத் திமிரு. போகும்போது ‘பயப்படாதீங்க’ன்னு ஒரு தடவை சொன்னா அவன் என்ன குறைஞ்சா போயிடுவான்? எங்களையெல்லாம் ஒரு மனுஷனா நெனச்சிருந்தா சொல்லியிருப்பான் சார். சொல்லாமப் போயிட்டான். நன்றி கெட்டவன்!”

மஃப்ளர்காரர் சிலேட்டைத் தேடவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் இறங்கியதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“சொல்லணும்னுதான் தம்பி தவியாத் தவிச்சாரு,” என்றார் டீச்சர், கணவரின் தோளில் கையை வைத்துக்கொண்டு. “ஆறு மாசம் முன்னாடி, கடைசி எபிசோடுக்குப் பேச ஸ்டூடியோவுக்குப் போக வேண்டிய வாரத்துலதான், ஆபரேஷன் பண்ணி இவரோட குரலை எடுத்துட்டாங்க.”