மாமனாருக்கு எடுத்த ஐஸ் பெட்டி

பெங்குவின் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தனசேகர் அதன்மேல் கொட்டிய மூன்றாவது கூடை ஐஸும் கால் மணி நேரத்தில் தண்ணீராகிவிட்டது. வெளியே கத்திரி வெயில்.

திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா சாலையில் இருந்த பனிப் பூங்காவுக்கு ஆறு பெங்குவின்கள் வந்திருந்தன. ஐந்து மாதத்தில் ஐந்து செத்தன. மிச்சம் இது ஒன்று. மீன் கொடுக்கும்போது தனசேகரின் பாதத்தின்மேல் ஏறி நின்றுகொண்டுதான் சாப்பிடும்.

“ட்ரான்ஸ்பார்மர் காலிப்போயிந்தி அன்னா,” என்றார் வாட்ச்மேன் ரங்கையா. “எரிஞ்சே போச்சு. மத்தியானத்துக்கு மேலதான் கரண்டு.”

ஜெனரேட்டர், பூங்காவின் திறப்பு விழாவுக்கு வாடகைக்கு வந்து, விழா முடிந்ததும் திரும்பிப் போயிருந்தது.

முதலாளி போனில் வந்தார். “நாலு மணிக்கு வனத்துறை ஆபீசர் வர்றாரு. ஒண்ணாவது உயிரோட இருக்கணும். இல்லேன்னா ஆறுக்கும் சேத்து உம் பேர்லதான் கேஸ்.”

பக்கத்து ஊரான ஏர்பேட்டில் தனசேகரின் வீட்டில் கரண்டு இருந்தது. குளிருக்குத்தான் வழியில்லை. அப்போது அவனுக்குச் சம்பத்தின் நினைவு வந்தது. பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுபவன்.

“யாருக்கு?” என்றான் சம்பத்.

பறவைக்கு என்றால் தரமாட்டான். நாளைக்கு அதே பெட்டியில் மனிதரை வைக்க வேண்டும்.

“மாமனாருக்கு.”

“அடப்பாவமே. பேரு?”

“அப்பாவு.” பதற்றத்தில் உண்மைப் பெயரே வாயில் வந்தது.

பெட்டி வீட்டில் வந்து இறங்கியது. சம்பத் போனதும் தனசேகர் ஈரச் சாக்கில் சுற்றிய பெங்குவினை ஆட்டோவில் கொண்டுவந்து உள்ளே விட்டு, மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தினான். மூடியை அழுத்தியபோதுதான் உறைத்தது: செத்தவருக்குக் காற்று எதற்கு? பெட்டியில் அதற்கு வழியே வைக்கவில்லை. கைக்கு வேறெதுவும் அகப்படாமல், காலில் கிடந்த செருப்பைக் கழற்றி மூடியின் இடுக்கில் செருகினான். பத்து நிமிடத்தில் பெங்குவின் அலகை மூடிக்கொண்டு கழுத்தை நிமிர்த்தியது. தனசேகர் அன்று முதல் முறையாக உட்கார்ந்தான்.

பெட்டி எடுப்பவர்களுக்கு வாட்ஸப்பில் இரங்கல் ஸ்டேட்டஸ் போடுவதும், மேளத்துக்குச் சொல்லிவிடுவதும் சம்பத்தின் இலவச சேவை. அது தனசேகருக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் தெரு மாலையோடு வந்தது.

“இன்னாப்பா, மருமவன் வூட்லயா வச்சிக்கினு கீறீங்க?” என்றாள் எதிர்வீட்டுத் தாட்சாயணி. பெட்டியின் கண்ணாடி மூடி வழியாக உற்றுப் பார்த்தாள். “ஐயோ, இம்மாங் குள்ளமா ஆயிட்டாரே!”

“சக்கரைக்கா. ஆளையே உருக்கிடுச்சு.”

“மொகத்தைத் தொறந்து காட்டேன்.”

“வேணாங்க்கா... அம்மை.”

கூட்டம் வாசல்வரை பின்வாங்கியது. தாட்சாயணி மட்டும் நகரவில்லை. “எனக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சு. அனாதை மாதிரி தனியாவா வுட்றது?” என்று பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். “ஐயய்யோ, துணி அசையுது!”

“மோட்டார் அதிருதுக்கா.”

போன் அடித்தது. புத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த மனைவி சுந்தரி. “யோவ்! எங்க நைனா இங்க குந்திக்கினு களி துன்னுக்கினு கீறாரு. நகரியிலேர்ந்து சொந்தக்காரங்க அழுறதுக்கு வேன் வெச்சிக்கினு வராங்களாம்!”

தனசேகர் போனோடு தெருவுக்கு ஓடினான். மாமனார் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“மாப்ள, நான் இன்னாத்துல செத்தேன்?”

“சக்கரையில, மாமா.”

“எனக்கேது சக்கரை? நெஞ்சு வலின்னு சொல்லிருக்கலாம் இல்ல?”

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் மேளக்காரர்கள் வந்து தெருமுனையில் அடிக்க ஆரம்பித்தார்கள். சத்தத்தில் பறவை மிரண்டுவிடும். பேசிப் பேசி அவர்களைத் திருப்பி அனுப்பினான். நகரி வேனைப் போனிலேயே பாதி வழியில் மடக்கினான். ஒரு மணி நேரம் போயிருந்தது.

அப்போது ரங்கையா கூப்பிட்டார். “கரண்டு வந்துடுச்சு அன்னா! கூலர் ஓடுது. கொண்டாந்துடு.”

மணி இரண்டுகூட ஆகவில்லை. தனசேகர் ஓடிப்போய் ஆட்டோவைப் பிடித்து, புதுச் சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

வாசற்படி ஓரத்தில் அவனுடைய ஒற்றைச் செருப்பு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. தாட்சாயணி பெட்டியின் மேல் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“எந்தப் பாவியோ பொணத்துப் பெட்டியில செருப்பைச் சொருவி வச்சிருந்தான் தம்பி, நான்தான் எடுத்துப் போட்டுட்டு இறுக்கமா மூடினேன், கொஞ்ச நேரம் மோட்டாரு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருந்துச்சு, இப்ப நின்னுப்போச்சு.”