பத்மாசனிக்குத் தெரியாமல் ஒரு பாடம்

உலகத்தில் எந்த வாத்தியாரும் செய்யாத சபதம் ஒன்றை நான் செய்தேன். ஏழாம் வகுப்புக்கு முதலுதவி படிப்பிப்பது. அதில் ஒரே ஒரு பாடம் மட்டும் என் மனைவி பத்மாசனியின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது.

பரந்தனுக்கு அப்பால் எங்கள் குடியேற்றத் திட்டத்தில், வாய்க்கால் தலைப்பு வீட்டில் ஒருவர் தும்மினால் கடைசி வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள். அங்கே ஒன்றை ஒளிப்பது இமயமலையை வேட்டியால் மூடுகிற வேலை.

ஒளிக்கவேண்டிய பாடம் பாம்புக்கடி.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மகள் விமலேஸ்வரியை வயல் வரம்பில் புடையன் பாம்பு கடித்தது. ஆறு வயது. பாம்பு கடித்தவரை நித்திரை கொள்ளவிடாமல் நடத்தவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் நடத்தினேன். பஸ் ரோட்டுவரை ஒன்றரை மைல். பத்மாசனி பின்னால் ஓடிவந்தாள். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு அழாமல் நடந்தாள். ஆசுப்பத்திரியிலிருந்து திரும்பும்போது நான்தான் அவளைத் தூக்கி வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் வாத்திமாருக்கான முதலுதவி வகுப்புக்கு என்னை வவுனியாவுக்கு அழைத்தார்கள். பத்மாசனி மறித்தாள்.

"வவுனியாவிலை சரியான வெயிலாம். போகாதையுங்கோ."

"இஞ்சை என்ன, பனியோ கொட்டுது?"

"உங்கடை சேட்டெல்லாம் நனைச்சுப்போட்டன்."

ஈரச் சேட்டோடு போனேன். அங்கேதான் சொன்னார்கள்: பாம்பு கடித்தவரை ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள், நடந்தால் விஷம் விரைவாக ஏறும். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் அவர்கள் தந்த கையேட்டை மூடிவைத்தேன். பிள்ளையை நானே நடத்திக் கொன்றேன். இது பத்மாசனிக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா?

கையேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்தேன். மிச்சத்தை நெல்மூட்டைக்குள் வைத்தேன். மறுநாளே பிடித்துவிட்டாள்.

"இஞ்சரப்பா, நெல்லுக்குள்ளை வைச்சால் புத்தகம் முளைக்குமோ?"

"பூச்சி அரிக்காமல் இருக்க வைச்சனான்."

"பதினாலாம் பக்கத்தைக் காணேல்லை."

"அச்சுப்பிழை."

"அச்சடிச்சவன் கிழிச்சோ அச்சடிச்சவன்?"

எனக்கு அவசரமாக இருமல் வந்தது.

வகுப்பில் வெட்டுக்காயம், தீப்புண், எலும்பு முறிவு என்று ஒரு மாதத்தை ஓட்டினேன். ஆனால் நெல் அறுக்கும் அரிவுவெட்டுக் காலம் நெருங்கியது. பிள்ளைகள் எல்லோரும் வயலில்தான் நிற்பார்கள். இன்னொரு பிள்ளை அந்த ஒன்றரை மைல் நடக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினேன்.

"இண்டையான் பாடத்தை ஒருத்தரும் வீட்டிலை கதைக்கக்கூடாது!"

முதலுதவியை இரகசியமாகப் படிப்பித்த முதல் வாத்தியார் நானாகத்தான் இருக்கும்.

"வயலிலை உங்கடை தம்பியைப் பாம்பு கடிச்சிட்டுது. ரெண்டுபேர் நிக்கிறியள். பஸ் ரோட்டு தூரம். முதல் என்ன செய்வியள்?"

கேள்வி முடியுமுன் நேசமலர் எழும்பினாள்.

"ஆட்டாமல் அசைக்காமல் படுக்க வைப்பம், சேர். ஒராள் பக்கத்திலை இருந்து பயப்படாதை எண்டு சொல்லவேணும். மற்றாள் ஓடிப்போய் வண்டில் கூட்டிவரவேணும்."

"நடத்திக்கொண்டு போனால் என்ன?"

"ஐயோ, கூடாது சேர்!" முழு வகுப்பும் கத்தியது.

"ஆர் சொல்லித் தந்தது?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேசமலர் மெல்லச் சொன்னாள்.

"பத்மாசனியக்கா. போன வருஷம், வாய்க்காலிலை குளிக்கேக்கை. உங்களுக்கு மட்டும் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கினவா."

மணி அடிக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. வீட்டுக்கு நடந்தேன். பத்மாசனி குசினி வாசலில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள்.

"உமக்கு எப்ப தெரியும்?"

சுளகு நின்றது. எதை என்று அவள் கேட்கவில்லை.

"அண்டைக்கே தெரியும். ஆசுப்பத்திரியிலை மருந்து குடுத்த அப்போதிக்கரி ஐயா சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு அவரின்ரை காலிலை விழுந்தனான்."

"ஏன் என்னை ஒரு வார்த்தை ஏசேல்லை?"

"பிள்ளை போயிட்டுது. உங்களையும் விடச் சொல்லுறியளோ?"

நான் வாசற்படியில் இருந்து அழுதேன். அவள் சுளகை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

இரண்டே மாதம் ஒளித்து நான் பாதியாகிப் போனேன். அவள் இரண்டு வருஷம் ஒளித்துக்கொண்டு, மூன்று நேரமும் எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள்.