பட்டவர்த்தனம் அண்ணாச்சியும் மறுவீட்டுச் சொதியும்

தாமிரபரணிக் கரையில் கல்யாணக் காரியங்களை முன்னின்று நடத்தியவர்களில், எதையும் பூசி மெழுகத் தெரியாத ஒரே மனிதர் பட்டவர்த்தனம் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, பாளையங்கோட்டையில் யாருக்கும் தெரியாது. பெரிய யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை.

ஒரு கோர்ட்டு குமாஸ்தா தம் வீட்டுக் கல்யாணத்துக்கு, "பந்து மித்திரர்களுக்கு யதோக்தமாக உபசாரம் செய்விக்க வேண்டியது" என்று உத்தரவிட்டார்.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: "யாருக்கு, எப்ப, என்ன கொடுக்கணும்? அதச் சொல்லும்வே."

குமாஸ்தா யோசித்தார். அவருக்கே தெரியவில்லை.

பந்தலில் யாராவது "முகூர்த்த வேளை சமீபித்துவிட்டது" என்று முழங்கினால், இவர் பின்னாலேயே போய், "தாலி கட்டப் போறாங்க. தூங்குதவங்கள எழுப்புங்க" என்பார்.

சமையல்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பந்தியில் குழம்பு குறைந்தால், "ஆத்துல வெள்ளம் வரட்டும்" என்று உள்ளே குரல் கொடுப்பது அவர்கள் தொழில் பாஷை. வெந்நீரை ஊற்று என்று அர்த்தம். விருந்தாளிக்குப் புரியாது; அண்ணாச்சி புரிய வைத்துவிடுவார்.

என் அக்காள் கல்யாணத்தில் வந்தது வினை. கல்யாணத்துக்கு மறுநாள், தேங்காய்ப்பாலில் காய்ச்சும் மறுவீட்டுச் சொதி விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முக்கூடலிலிருந்து, சொன்னதற்கு இரு மடங்கு ஆளோடு வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். சம்பந்திக்கு மூக்குநுனியில் கோபம். பாயசம் பிந்தியதற்காக வேறொரு வீட்டில் பாதி இலையில் எழுந்தவர். இங்கேயும் எழுந்துவிட்டால் அக்காள் காலமெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டும்.

இரண்டாம் பந்தியில் சொதி தீர்ந்தது. "ஆத்துல வெள்ளம்..." என்று தொடங்கிய சமையல் தவசிப்பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு, அண்ணாச்சி நேரே சம்பந்தியின் இலைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, சொதி தீந்துபோச்சு. வெந்நிய ஊத்தினா பெருகும், வாயில வைக்க முடியாது. தேங்கா திருவிப் பாலெடுத்துக் காய்ச்சணும். நேரமாகும்."

அப்பா பின்னாலிருந்து அவர் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் தீந்துது?" என்றார் சம்பந்தி.

"நீங்க சொன்னதவிட ரெண்டு பங்கு ஆள் வந்திருக்கு."

சம்பந்தி பைய எழுந்தார். கதவோரம் நின்ற அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரோ தம் ஆட்களைச் சுற்றிப் பார்த்து, "ஏலே, சும்மா இருக்கவன்லாம் அங்கன போய்த் தேங்கா திருவுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டித் தேங்காய் துருவிய கல்யாணம் ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். மாப்பிள்ளையும் ஒரு மூடி துருவினார்.

"அவரு போயிருந்தா என்னவே செய்திருப்பீரு?" என்று அப்பா பிறகு கேட்டார்.

"தெரியாது. எனக்குக் காலெல்லாம் நடுங்கிட்டு" என்றார் அண்ணாச்சி. "ஆனா ருசிகெட்ட சொதின்னு ஒரு பேச்சு வந்தா, அது புள்ள பேரோடல்லா ஒட்டிக்கிடும்."

நடுங்கிக்கொண்டே என் அக்காளுக்காக உண்மையைச் சொன்னவர். அதனால், பிற்காலத்தில் அவர் என்னை மடையன் என்று நேருக்கு நேர் சொன்னபோதெல்லாம் எனக்குக் கோபமே வந்ததில்லை.