எண்ணி வளர்த்த கோழிகள்

பன்னிரண்டு கோழி பதினொன்றாகியிருந்த காலையில் யூலான் மூன்று தடவை எண்ணினாள். பிறகு, இவன்தான் தின்றிருப்பானோ என்பதுபோலப் புருஷன் ஆதெங்கைப் பார்த்தாள். வேலியோரம் கிடந்த இறகுகள் அவனைக் காப்பாற்றின. கீரி.

நான்டோ மலையடிவாரத்தில் கீரி நுழையாத வீடு ஏது? ஆனால் யூலானுடையவை எண்ணி வளர்த்த கோழிகள். தைச்சுங் நகரத்தில் மகள் ஜியாவென்னுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் படுத்தபடி, எள்ளெண்ணெயும் இஞ்சியும் அரிசி மதுவும் சேர்த்த கோழிச்சாறு குடிக்க வேண்டும். அதுவும் அம்மா வீட்டுக் கோழியில். கடைக்கோழி போதாதா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியோடு யூலானுக்கு ஒரு வாரமாகப் பேச்சில்லை.

கூண்டைச் சுற்றி வலை கட்டினாள். கீரி அடியில் பள்ளம் பறித்து நுழைந்தது. கோழிகளுக்குத்தான் தப்பி ஓட வழியில்லை. மேலும் ஐந்து போயின.

காவலுக்கு இரண்டு வாத்துகளை இரவல் வாங்கினாள். அவை கீரியை விட்டுவிட்டுக் கோழிகளைக் கொத்தி விரட்டின. மரமேறியவற்றில் மூன்றைக் கழுகு கொண்டுபோனது.

கோயில் விழாவில் மிஞ்சிய பட்டாசைக் கொளுத்தினாள். இரண்டு கோழிகள் ஓடை தாண்டி ஓடின, ஓடியவை ஓடியவைதான்.

“கீரிக்குத்தான் முதல்ல பிரசவம் ஆகும்போல,” என்றான் ஆதெங். அன்று அவனுக்குச் சோறு வர நேரமானது.

ஒவ்வொரு கோழி போனபோதும் யூலான் மகளுக்குப் போன் செய்து அழுதாள். ஜியாவென் ஒன்றையே சொன்னாள்.

“போகட்டும் விடும்மா. நீ இப்ப வராதே.”

“பிள்ளைத்தாச்சி பேசுற பேச்சா இது?”

ஜியாவென் போனை வைத்துவிடுவாள். நகரத்துத் திமிர் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் யூலான்.

மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. மூங்கில் கூடையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். அது கொக்கரித்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். கூடவே பேரன் வரப்போவதையும் சொல்லிவைத்தாள்.

அடுக்குமாடி வாசலில் காவலாளி மறித்தார். உயிர்க்கோழியை உள்ளே விட முடியாதாம்.

யூலான் நிமிர்ந்து நின்றாள். “எட்டாம் மாடி ஜியாவென்னோட அம்மா நான். இன்னும் ரெண்டு வாரத்துல பிரசவம். இது அவளுக்குச் சாறு வைக்க.”

காவலாளி மறித்திருந்த கையை மெல்ல இறக்கினார்.

“குழந்தை தங்காமப் போயி, முப்பது நாளும் படுத்து எழுந்து, நேத்துதாம்மா உங்க பொண்ணு வேலைக்குப் போச்சு. சாறெல்லாம் என் வீட்டுக்காரிதான் வச்சுக் குடுத்தா.”