பேயைப் பார்க்க ஆசைப்பட்டவன்

"அடுத்த படத்துல பேயை நான்தான் பார்ப்பேன்!"

வெர்னான் டட்லி சாப்பாட்டு மேஜையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இப்படி அறிவித்தான். எதிரே அவன் மனைவி ஹேஸல் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கஸ் என்ன பண்ணுவான்?"

"என் வேலையை அவன் பார்க்கட்டும். அவன் வேலையை நான் பார்க்கிறேன்."

"உப்பு போதுமான்னு பாரு."

ஹாலிவுட்டில் டட்லி, மல்லோய் என்ற சிரிப்பு நடிகர் ஜோடியைத் தெரியாதவர் கிடையாது. பாழடைந்த மாளிகை, இடி, மின்னல், உயில் படிக்க வந்து மாட்டிக்கொள்ளும் இரண்டு அசடுகள். எல்லாப் படத்துக்கும் ஒரே சரக்குதான். குண்டன் கஸ் மல்லோய் தனியாக இருக்கும்போது மேஜைமேல் மெழுகுவத்தி தானாக நகரும். கஸ்ஸுக்குக் குரல் எழும்பாது. வாய் மட்டும் மீன் மாதிரி திறந்து மூடும். ஒருவழியாக அலறுவான். நல்ல கோட்டுப் போட்ட வெர்னான் வருவான். மெழுகுவத்தி சமர்த்தாக நிற்கும். "எங்கேடா பேய்?" என்று கஸ்ஸின் தொப்பியைத் தட்டிவிட்டு வெர்னான் போய்விடுவான். அவன் முதுகைக் காட்டியதும் மறுபடி நகரும். சிரிப்பில் கொட்டகையே அதிரும்.

அந்தச் சிரிப்பில் வெர்னானுக்கு என்று ஒரு துளிகூடக் கிடையாது. போரிலிருந்து திரும்பிய பட்டாளத்து ஆட்கள் தெருவில் கஸ்ஸைக் கண்டால் தோளில் தூக்கிக்கொள்வார்கள். வெர்னானைக் கண்டால், கஸ்ஸின் கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்பார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவன்தான். போன மாதம் புதுப் படத்தின் முன்னோட்டக் காட்சி. கஸ் மாடிப்படியில் உருண்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹேஸல் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அப்போதுதான் வெர்னானுக்கு உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து அவள் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. அது அவனுக்கு வலித்தது. பொறாமை என்றால் பாதிதான் சரி. வீட்டிலும் தான் 'அந்த இன்னொருத்தன்'தானோ என்ற பயம் மீதிப் பாதி.

ஹேஸல் கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, நடிச்சுக் காட்டு. நீதான் கஸ். உன் வேஷம் எனக்கு. நான் சிரிச்சுட்டேன்னா நானே கஸ்கிட்ட பேசுறேன்."

"சிரிக்கலேன்னா?"

"வாயை மூடிக்கிட்டுப் பழைய வேலையைப் பார்க்கணும்."

வெர்னானுக்கு உள்ளூரக் குஷி. பாதிரியார் தும்மினாலே சிரிக்கிறவள் அவள். ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவந்திருந்த கறுப்பு நூலின் ஒரு முனையை மெழுகுவத்தித் தாங்கியில் கட்டினான், மறுமுனையைத் தன் ஷூவில். ஹேஸல் அடுக்களைக்குள் போனாள்.

காலை இழுத்தான். மெழுகுவத்தி குழம்புக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.

"ஹே... ஹே... ஹேஸல்!"

கையைத் துடைத்தபடி வந்தாள். "என்ன?"

"மெ... மெழுகுவத்தி! நடந்துச்சு!"

"அதுக்கேது காலு? பீன்ஸைச் சாப்பிடு."

போய்விட்டாள். இரண்டாவது தடவை மேஜைவிரிப்பின் தொங்கிய ஓரத்தை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு ஊளையிட்டான்.

"அது பின்னாலேயே வருது!"

"வரட்டும். அந்தத் துணியைத் துவைக்கிறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

மூன்றாவது தடவை நாற்காலிமேல் ஏறினான். ஏறினவனுக்கு நூல் காலில் சுற்றியிருப்பது மறந்துபோயிற்று. அவனும் நாற்காலியும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்ந்து கீழே வந்தார்கள். இந்த அலறல் நடிப்பல்ல.

ஹேஸல் வாசலில் வந்து நின்றாள். புருவத்தில் உருளைக்கிழங்கோடு கிடந்தவனைப் பார்த்தாள். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

"பேய் போயிடுச்சா?"

"போ... போயிடுச்சு."

"அப்ப எழுந்திரு. தரை துடைக்கத் துணி எடுத்துட்டு வரேன்."

போனவள் வர வெகு நேரமாயிற்று. வெர்னான் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் முகம் இறுக இறுகத் தான் மேலும் மேலும் அசடானது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கஸ்ஸுக்காகத் தான் சும்மா நின்றதாக நினைத்தானே, அதுவும் ஒரு வேலைதான் போலிருக்கிறது. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் பாதிரியார் தும்மலுக்குக் கிடைத்த சிரிப்பு தனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தபடி புருவத்து உருளைக்கிழங்கை வழித்துப் போட்டான்.

மறுநாள் ஸ்டுடியோவில் மாளிகைப் படிக்கட்டுக்கு ஒட்டடை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த கஸ்ஸிடம் வெர்னான் பெருந்தன்மையோடு சொன்னான். "உன் வேஷத்தைப் பிடுங்கலாம்னு நினைச்சேன், மன்னிச்சுடு. இனிமே கனவுலகூட நினைக்க மாட்டேன்."

கஸ்ஸின் முகம் தொங்கிப்போயிற்று. "அடப்பாவி! எடுத்துக்கோன்னு உன்னைக் கெஞ்சத்தானே போன வாரம் உன் வீட்டுக்கு வந்தேன்! முட்டி ரெண்டும் போச்சுப்பா. ஒரு படத்துலயாவது நல்ல கோட்டுப் போட்டுக்கிட்டு நின்ன இடத்துல நிக்கலாம்னு ஆசை."

"வந்தியா? எப்போ?"

"ஹேஸல் சொல்லலையா? 'அவனுக்கு அந்தக் கோட்டுன்னா உசுரு, கேட்டா மனசு உடைஞ்சுடுவான்'னு சொல்லி, ஆப்பிள் பை பலகாரம் கட்டிக் குடுத்து அனுப்பிட்டாளே."

வெர்னான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வசவுகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனான். கதவைத் திறந்ததும் வாயில் வந்தது வேறு.

"நேத்து நான் நல்லா நடிக்கலையா?"

ஹேஸல் அவனையே பார்த்தாள். "நல்லாவா? கன்னத்தை உள்ளே கடிச்சுக் கடிச்சுப் புண்ணாகிக் கிடக்கு. துணி எடுக்கப் போனவ, ஏப்ரனை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சுச் சிரிச்சுத் தரையில உட்கார்ந்துட்டேன்."

அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வெர்னான் வாழ்நாளெல்லாம் கோட்டுப் போட்டு நிற்கத் தயார். பிறகுதான் கோபம் ஞாபகம் வந்தது. "அப்புறம் ஏன் இந்த நாடகம்? கஸ்ஸை ஏன் திருப்பி அனுப்பினே?"

"போன வாரம் அவன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு வந்ததிலேருந்தே எனக்குப் பயம். நேத்து நீ விழுந்து கிடந்தப்ப உன் தலை மேஜைக் காலுக்கு ஒரு சாண் தள்ளி. படத்துக்குப் படம் மாடிப்படியில உருளப்போறியா, இந்த வயசுல? ஊர் சிரிக்கட்டும். எனக்கு நீ முழுசா வேணும்."

"கஸ் மட்டும் உடையலாமா?"

"அது எனக்கும் உறுத்துது" என்றாள் மெதுவாக. பிறகு அலமாரியைத் திறந்து ஒரு தைலப் புட்டியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"அவனுக்குப் பெண்டாட்டியா பிள்ளையா? போய் ரெண்டு முட்டிக்கும் சூடு பறக்கத் தேய்ச்சுவிட்டுட்டு வா."

"இன்னைக்கு மட்டும்தானே?"

"தினமும்தான். ஜனங்க அவனைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும்" என்றாள் ஹேஸல்.